மூணாம் பிளாக்கில் கரண்ட் இல்லை

"இதுக்குக் காது இருக்குமா?" என்று கேட்டாள் நெரெய்டா.

கார் இன்னும் எங்கள் தெருவையே தாண்டவில்லை. ரேடியோவுக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காது இல்ல. வாய்தான் இருக்கு," என்றார் வண்டியை ஓட்டிய அவள் புருஷன் எவெலியோ. "வண்டி எங்க நிக்குது, எங்க ஓடுதுன்னு ஆபீஸுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"நாம பேசறது கேக்காதே?"

"நீ பேசறதையும் கேக்கணும்னா அவங்க இன்னும் ரெண்டு ஆள் போடணும் கிழவி."

பின் சீட்டில் யுமாரா சிரித்துவிட்டாள். நெரெய்டா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாளை எடுத்து நீவி, பெட்டியைச் சுற்றி ஒட்டினாள். அதன் மேல் சமையலறைத் துணியைப் போட்டு மூடினாள்.

"வெள்ளித்தாளைத் தாண்டி எதுவும் போகாதாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

"பூண்டை நெத்தியில தேச்சா பிரஷர் இறங்கும்னு சொன்னவளும் அவதானே அம்மா," என்றாள் யுமாரா. "மூணு நாள் உன் பக்கத்துல யாரும் வரல."

"பிரஷர் இறங்கிச்சா இல்லையா?"

அவள் சந்தேகப்பட்டதில் தப்பும் சொல்ல முடியாது. போன வாரம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் யுமாராவை வழிமறித்து, "ஸ்பெயின்ல குளிருமாமே, ஸ்வெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த வீட்டில் மூன்றே பேருக்குத் தெரிந்த விஷயம் அது. நர்ஸ் வேலையில் இருக்கிற பெண் நாட்டை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் லீவு கிடைக்காது, கையெழுத்து கிடைக்காது, போகிற வருகிறவர்களெல்லாம் கேள்வி கேட்பார்கள். சீன்ஃபுவேகோஸ் ஊரில் எங்கள் தெருவில் ரகசியம் ஒரு நாள் தாங்கினாலே பெரிய விஷயம் என்றாலும், இது வாசலைத் தாண்டாமல் இருந்த ரகசியம். எப்படிப் போனது?

நெரெய்டாவுக்கு அதில் குழப்பமே இல்லை. அவள் தம்பி ஃபெர்மின்தான். தெருவில் நடப்பதைக் கவனித்து அரசாங்கத்துக்குச் சொல்லும் தெருக் கமிட்டியின் தலைவன். யார் வீட்டில் பன்றி அறுக்கிறார்கள், யார் வீட்டுக்கு மியாமியிலிருந்து பெட்டி வந்திருக்கிறது என்பதை வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவன். இந்த ஒரு வாரமாக அக்காளும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை. இவள் ஒருமுறை நேரில் கேட்டாள், அவன் "இல்லை" என்றான், இவள் "சரி" என்றாள். அந்த "சரி"யைக் கேட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் போகவில்லை.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஹவானாவில், ஸ்பெயின் தூதரகத்தில், யுமாரா நேரில் நிற்க வேண்டும். நெரெய்டாவின் தாத்தா ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து கப்பலில் வந்தவர். அந்த ரத்தத்தைக் காட்டித்தான் குடியுரிமை. தேதிக்காகப் பிள்ளை வருஷக்கணக்கில் காத்திருந்தாள். இந்தத் தேதியைத் தவற விட்டவர்களுக்கு வேறு தேதி கிடையாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆக, இரண்டு மணிக்கு அங்கே இருந்தால் ஸ்பெயின். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சீன்ஃபுவேகோஸ் ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டு.

போவது எப்படி என்பதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியல் ஹவானா வரைக்கும் நீளும். பெட்ரோல் இல்லை. வாடகைக் கார்க்காரன் கேட்டதைக் கேட்டு யுமாரா பேசாமல் போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் எவெலியோ முன்வந்தார். அவர் அரசாங்கப் பால் கம்பெனியில் டிரைவர். கம்பெனி கொடுத்திருக்கிற வெள்ளை நிறச் சின்ன எலக்ட்ரிக் கார் அவரிடம்தான் இருக்கும். மாகாணத்தைத் தாண்டிப் போக முத்திரை வைத்த பேப்பர் வேண்டும். அது இல்லாமல் போனால் வேலைக்கே ஆபத்து.

"போனா போகட்டும். என் பொண்ணை நானே கொண்டுபோய் விடறேன்," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நெரெய்டா அவரைக் கட்டிப்பிடித்து அழுதது அன்றைக்குத்தான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கார் ஹைவேயில் ஏறியபோது வெயிலும் ஏறியிருந்தது. சத்தமே இல்லாத கார். சத்தமில்லாததுதான் நெரெய்டாவுக்குப் பிடிக்கவில்லை.

"எஞ்சின் சத்தம் போட்டாத்தான் வண்டி நம்மளோட பேசற மாதிரி இருக்கும். இது ஒட்டுக் கேக்கற மாதிரியே இருக்கு."

"அம்மா, ஒரு வாய் காபி குடி."

பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள் யுமாரா. காபி பாதி, வறுத்த பட்டாணிப் பொடி பாதி. அதையும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள் நெரெய்டா.

"சந்தையில சொன்னாங்க. இந்த வண்டிகளை ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டே நிறுத்திடலாமாம். பட்டனைத் தட்டினா போதுமாம். பெட்ரோல் வண்டின்னா பெட்ரோலை மட்டும்தான் கொடுக்காம இருக்க முடியும். இதுல வண்டியே அவங்க கையில."

"சொல்றவங்க ஆயிரம் சொல்வாங்க," என்றார் எவெலியோ.

"முடியுமா முடியாதா?"

எவெலியோ சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். "முடியும்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

 யுமாரா கண்ணாடி வழியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. பாவம், நமக்காகப் பயந்து சாகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அகுவாதா கிட்டே மஞ்சள் சட்டைக்காரர் கையை நீட்டினார். சாலையோரத்தில் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. கோழிக் கூண்டு, சூட்கேஸ், தூங்கும் குழந்தை. அரசாங்க நம்பர் பிளேட் வைத்த வண்டியில் இடமிருந்தால் நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மஞ்சள் சட்டைக்காரர்.

"நிறுத்தாதே!" என்றாள் நெரெய்டா.

"நிறுத்தலேன்னா நம்பரைக் குறிச்சுக்குவார்."

"யாரையும் ஏத்த வேண்டாம். எவன் எப்படிப்பட்டவனோ."

கார் நின்றது. மஞ்சள் சட்டைக்காரர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு இடம் இருக்கே. ஹவானாவா?"

"பிரசவ வலி!" என்று கத்தினாள் நெரெய்டா.

யுமாராவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஒல்லிக்குச்சி உடம்பு. மஞ்சள் சட்டைக்காரர் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"எத்தனாவது மாசம்?"

"ஏழு! அதான் பயமா இருக்கு!" என்றாள் நெரெய்டா. "காரிதாத் மாதாவே, என் பிள்ளையைக் காப்பாத்து!"

"போங்க, போங்க! மாதா துணை இருப்பா."

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவும் பெண்ணும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொய்யின்னா இப்படி இருக்கணும்," என்றாள் நெரெய்டா. "கேட்டவுடனே எதிராளிக்கு நம்பணும்னு தோணணும்." எவெலியோ மட்டும் சிரிக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாகாண எல்லைப் பலகை தெரிந்தது. பெரிய பலகை. மத்தான்ஸாஸ் உங்களை வரவேற்கிறது என்று எழுதி, வெயிலில் பாதி எழுத்து உரிந்துபோயிருந்தது.

பலகையைக் கார் தாண்டவும், முன்னால் இருந்த திரை அணைந்தது. எல்லா விளக்கும் போய்விட்டது. கார் தன்போக்கில் கொஞ்ச தூரம் உருண்டது. எவெலியோ ஸ்டியரிங்கைக் கஷ்டப்பட்டு வளைத்து ஓரமாக நிறுத்தினார்.



"வெட்டிட்டாங்க," என்றார் எவெலியோ.

"என்னப்பா?"

"எல்லையைத் தாண்டினதும் வெட்டிட்டாங்க. ஆபீஸ்லேருந்து."

சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினார். நெரெய்டா சமையலறைத் துணியைப் பிடுங்கி எறிந்து, வெள்ளித்தாளைக் கிழித்து, அந்தப் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கைதான் வலித்தது.

"எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்! சொன்னேனா இல்லையா? அவன்தான். என் கூடப் பொறந்த பாம்பு. ஆஸ்பத்திரியில சொன்னது பத்தாதுன்னு கம்பெனியிலயும் போய்ச் சொல்லியிருக்கான்!"

"அம்மா, கத்தாதே. அப்பா, திரும்பத் திறக்க வைக்க முடியாதா?"

"டைரக்டர்கிட்ட பேசிப் பாக்கறேன்," என்றார் எவெலியோ. போனை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பணிவாகப் பேசினார். "ஆமா டைரக்டர்... நான்தான்... தெரியும், தப்புதான்... என் பொண்ணு விஷயம்... இல்ல, புரியுது... சரி. சரி. நன்றி."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்கார்ந்திருக்காராம். நம்ம வண்டி எல்லையைத் தாண்டினது சிவப்பா காட்டிச்சாம். இப்பவே திரும்பி வீட்டுக்குப் போறதா இருந்தா திறந்து விடறேங்கறார். யாருக்கும் சொல்ல மாட்டாராம். ஹவானா பக்கம்னா திறக்க முடியாதாம்."

யுமாரா கதவைத் திறந்து இறங்கினாள். நின்றாள். பிறகு அந்தப் பலகையின் நிழலில் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே நிழல் அதுதான். அவள் அழவில்லை. வார்டில் கரண்ட் போய், கையால் பம்பு அமுக்கி ஒரு குழந்தைக்கு விடிய விடிய மூச்சுக் கொடுத்தவள் அவள். அன்றைக்கும் அழவில்லை. 

"எங்க போனாலும் அவங்க கையிலதான்," என்றாள். "கால் நம்மளோடது, வழி அவங்களோடது."

நெரெய்டா போனை எடுத்தாள். நேராகத் தம்பி வீட்டு டெலிபோனுக்கு அடித்தாள். திட்ட வேண்டிய வார்த்தைகளையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாள். அவன் எடுத்ததும் அவிழ்த்து விட்டாள்.

"டேய் ஃபெர்மின், நீ நாசமாப் போவே! உன் நாக்கு அழுகும்! என் பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டியே!"

"அக்கா? என்னக்கா? யாராவது செத்துட்டாங்களா?"

"நீதான் எனக்குச் செத்தே! கம்பெனியில போய் யார்டா சொன்னது? வண்டியை நடு ரோட்ல நிறுத்திட்டாங்களே!"

"எந்தக் கம்பெனி? எந்த வண்டி? அக்கா, காலையிலேருந்து விசிறி இல்லாம வெந்துக்கிட்டிருக்கேன், நீ வேற."

"நடிக்காதே! டைரக்டர் உனக்குச் சிநேகிதன்தானே?"

"சிநேகிதன்தான். இதோ என் வாசல்ல தானே உட்கார்ந்திருக்கான், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு."

"எங்க?"

"என் வாசல்லக்கா! கம்பெனி ஆளுங்க மொத்தப் பேரும் இங்கதான். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. கம்பெனி இருக்கிற மூணாம் பிளாக்குக்குக் கரண்ட் கட் நாள். விடியறதுக்கு முன்னாடி போன கரண்ட் இன்னும் வரல. ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. ஆபீஸ்ல ஈயும் இல்ல. எல்லாரும் டாமினோ ஆடிக்கிட்டிருக்கானுங்க. உங்க டைரக்டர் ரெண்டு ஆட்டம் தோத்துட்டு என் காபியை வேற குடிச்சிட்டான். பேசறியா? கூப்பிடவா?"

போனில் பின்னால் காய்களை மேஜையில் அறைகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ ஏமாற்றுக்காரன் என்று திட்டினார்கள்.

"அக்கா? இருக்கியா?"

"வேண்டாம்டா," என்றாள் நெரெய்டா. "வெச்சிடறேன்."

"அப்ப என்னை எதுக்குத் திட்டினே?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹவானா பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி மட்டும் மெல்ல வந்தது. நெரெய்டா காரைப் பார்த்தாள். எவெலியோ டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கார் நின்றதிலிருந்து அவர் இறங்கவில்லை. விசிறி இல்லை, காற்று இல்லை, தகரம் அப்படியே கொதிக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பலகை நிழல் இருந்தும் மனுஷன் வரவில்லை.

நெரெய்டா காருக்குப் போய் ஜன்னலில் கையை வைத்தாள்.

"டைரக்டர் எங்கேருந்து பேசினார்?"

"சொன்னேனே. ஆபீஸ்லேருந்து."

"கம்ப்யூட்டர் முன்னாடி."

"ஆமா."

"இன்னைக்கு என்ன கிழமை எவெலியோ?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், எந்தக் கிழமை எந்த பிளாக்கில் கரண்ட் இருக்காது என்று. அதை வைத்துத்தான் அரிசி களைகிறோம், துணி துவைக்கிறோம், கல்யாணம் வைக்கிறோம். தினமும் வண்டியைச் சார்ஜ் போட கரண்ட் அதிகம் போகாத ஆஸ்பத்திரி லைனில் இருக்கிற வீடாகப் பார்த்துப் பார்த்து ஓடுகிற டிரைவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அரசாங்கம் நினைத்தால் எதையும் செய்யும் என்று சின்ன வயசிலிருந்து நம்பி நம்பி, ஒரு பல்பைக்கூட எரிய வைக்க முடியாமல் அது கிடக்கிறது என்பதை அந்த ஒரு நிமிஷம் மறந்துவிட்டார். எங்களில் யாராக இருந்தாலும் மறந்திருப்போம்.

"எழுந்திரு," என்றாள் நெரெய்டா.

"எதுக்கு?"

"எழுந்திருடா கிழவா."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கதவைத் திறந்து, குனிந்து, அவர் காலைத் தள்ளிவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். இந்தத் தீவில் திருட்டுக்குப் பயந்து வண்டியில் எங்கேயாவது ஒரு ரகசிய சுவிட்ச் வைக்காத டிரைவர் கிடையாது. அவர்களிடம் இருந்த பழைய மோஸ்க்விச் காரிலும் ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்ததே எவெலியோதான், கல்யாணமான புதிதில்.

விரலில் தட்டுப்பட்டது. தட்டினாள்.

திரை எரிந்தது. டிங் டிங் என்று மணி அடித்தது. ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து பாட ஆரம்பித்தது. பலகை நிழலில் உட்கார்ந்திருந்த யுமாரா தலையைத் தூக்கினாள்.

"திறந்துட்டாங்களா?" என்று ஓடி வந்தாள். "அம்மா, திறந்துட்டாங்களா?"

 அம்மாவின் கை சீட்டுக்கு அடியில் இருந்தது. அப்பாவின் முகம் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தது. புத்திசாலிப் பெண். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டைரக்டர்கிட்ட பேசினது?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் பேசல," என்றார் எவெலியோ.

"ஏம்ப்பா?"

அவர் ரேடியோவை அணைத்தார். 

"உங்கண்ணன் ஓஸ்மானி ரெண்டே வருஷம்னு சொல்லிட்டு வெளிநாட்டுக்குப் போனான். ஆறு வருஷம் ஆச்சு. அவன் பிள்ளை போன்ல என்னைப் பாத்துட்டு இது யாருன்னு கேக்குது. ஓஸ்மானி என்னன்னு சொல்றான் தெரியுமா? கியூபாவுல இருக்கிற தாத்தாங்கறான். ஏதோ மியூசியத்துல இருக்கிறதைச் சொல்ற மாதிரி. நீயும் போயிட்டா அந்த வீட்ல என்ன இருக்கு? இருட்டுல நானும் உங்கம்மாவும் உட்கார்ந்து ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கணும்."

"போகாதேன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிப்பியா?"

யுமாரா யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

"அதான். நான் தடுத்தா சாகற வரைக்கும் என்னை மன்னிக்க மாட்டே. அவங்க தடுத்தாங்கன்னா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவே. நாம எல்லாரும் அப்படித்தானே விட்டுட்டு வர்றோம்."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நீங்கள் சொல்லலாம். நெரெய்டாவுக்கு அதைவிடக் கேவலமான வார்த்தைகள் வந்தன. ஆனால் ஒன்றையும் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த வீட்டின் இருட்டு தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. 

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் எவெலியோ. குரல் கெஞ்சியது. "ஏறும்மா. இப்ப நிஜமா கொண்டுபோய் விடறேன். வேகமாப் போனா ரெண்டு மணிக்குள்ள போயிடலாம்."

"ஏறினா, அடுத்த ஊர்ல என்னப்பா ரிப்பேர் ஆகும்?"



யுமாரா பின் சீட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு சாலையோரத்துக்குப் போய் நின்றாள். கையை நீட்டினாள். நெரெய்டாவும் போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஒரு பஸ் நிற்காமல் போனது. ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அப்புறம் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு லாரி வந்தது. எங்கள் அப்பா காலத்து லாரி. பின்னால் ஆரஞ்சு மூட்டை, மூட்டை மேல் நாலைந்து பேர்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "எங்க போகணும் கண்ணுங்களா?"

"ஹவானா. ரெண்டு மணிக்குள்ள போவீங்களா?"

"இந்த வண்டியா? இது போகும்போது போகும், நிக்கும்போது நிக்கும். ஆனா நின்னா காரணம் சொல்லும். ஏறுங்க."

யுமாரா சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். நெரெய்டா காரையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். கால் வலிக்காரி. மூட்டை மேல் உட்கார்ந்து ஹவானா போகிற வயசும் இல்லை. கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "தூக்கி விடுங்கப்பா," என்று மேலே இருந்தவர்களிடம் கையை நீட்டினாள். இரண்டு பேர் இழுத்தார்கள், கீழேயிருந்து எவெலியோ தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். அவர் கை பட்டதை அவள் உதறவில்லை.

மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கியதும்தான் அவளுக்கு அந்த இன்னொரு விஷயம் உறைத்தது. குனிந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில சொன்னதும் நீதானா?"

எவெலியோ நிமிர்ந்தார். "இல்ல."

"பொய் சொல்லாதே. இதுக்கு மேல என்ன இருக்கு மறைக்க?"

"இது நான் செஞ்சேன். ஒத்துக்கறேன். அது நான் இல்ல நெரெய்டா. என் அம்மா மேல சத்தியம். அது மட்டும் நான் இல்ல."

செத்துப்போன அம்மாவின் மேல் அவர் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்ததில்லை. அது நெரெய்டாவுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே வாய்தானே டைரக்டரோடு பேசியது. லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. எவெலியோ நடு ரோட்டில் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கார் கதவு திறந்தே கிடந்தது.

லாரி குலுங்கிய குலுக்கலில் ஆரஞ்சு மூட்டைகள் ஆடின. ஒரு கிழவர் ஒரு பழத்தை உரித்து யுமாராவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"சொல்லும்மா."

"நீ இப்பச் சொன்னதைப் பார்த்தா மாமாவுக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்கு நாம கிளம்பினதுகூடத் தெரியலேன்னா, ஸ்பெயின் விஷயமும் தெரிஞ்சிருக்காது. அப்பா சத்தியம் பண்றார்."

"அந்த ஆளோட சத்தியத்தை விடு."

"விஷயம் தெரிஞ்சது மூணு பேருக்குத்தானேம்மா."

நெரெய்டா திரும்பினாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டாள் யுமாரா.

"என்னையாடி கேக்கறே?"

"சொன்னியா?"

"இல்ல!"

யுமாரா அம்மாவின் முகத்தை இன்னும் ஒரு கணம் பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள்.

ஒரு வாரமாக ஊரில் இருப்பவர்கள் எல்லாரையும் அதே கண்ணால் பார்த்தவள் நெரெய்டா. தம்பியிடம் அதே "சரி"யைச் சொன்னவளும் அவள்தான். அது எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.